விடையை அறிந்தவர்

வினா விடைப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் போட்டியாளரையே கவனிக்கிறார்கள். அவர் வெல்வாரா தோற்பாரா என்பதிலேயே அவர்களுடைய மனம் லயித்துக் கிடக்கிறது. அவருக்கு எதிரே, கையில் ஓர் அட்டையும் முகத்தில் அவசரமற்ற ஒரு புன்னகையுமாக நிற்கிற மனிதருடைய நிலைமை அதைவிட விசித்திரமானது என்பதை நினைத்துப் பார்க்கிறவர்கள் சிலரே. அவர் கேட்கிற கேள்வியை எழுதியவர் அவரல்லர். அவர் வாரி வழங்குகிற பரிசும் அவருடைய கைப்பணமன்று, சோப்பும் மருந்தும் முகப்பூச்சும் விற்கிற கம்பெனிகளின் பணம். மேடையும் விளக்கும் கைதட்டலுங்கூடப் பிறர் ஏற்பாடு செய்து வைத்தவையே. அவருக்கென்று சொந்தமாக அங்கே இருப்பது ஒன்றுதான்: இவருக்கு விடை தெரியும், ஆனாலும் ஒரு பக்கத்தாருக்கு அதைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று ஜனங்கள் அவரிடத்தில் வைத்திருக்கிற விசுவாசம். அந்த விசுவாசத்தை மூலதனமாகக் கொண்டு அமெரிக்காவில் சிலர் முப்பது நாற்பது வருஷங்கள் ஜீவனம் நடத்தியிருக்கிறார்கள். அது போனபோது சிலர் ஒரே இரவில் முகவரி இழந்திருக்கிறார்கள். விடை யாருக்குத் தெரியும், எப்போது தெரியும் என்கிற ஒரே ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு நடந்தால் இந்தத் தொழிலின் சரித்திரம் முழுவதையும் சுற்றி வந்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

1955 ஜூன் மாதத்தில் சி.பி.எஸ். நிறுவனம் ‘அறுபத்து நாலாயிரம் டாலர் கேள்வி’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. ரெவ்லான் முகப்பூச்சுக் கம்பெனியார் அதன் புரவலர்கள். ஹால் மார்ச் என்ற நடிகர் அதை நடத்தினார். கேள்விகள் ஒரு பாங்கியின் இரும்பறையில் வைத்துக் காக்கப்பட்டு, வாரந்தோறும் துப்பாக்கி ஏந்திய காவலர் இருவர் புடைசூழ பாங்கி அதிகாரி ஒருவரால் மேடைக்குக் கொண்டுவரப்பட்டன. இவ்வளவு ஆடம்பரமும் எதற்கென்றால், விடையை ஒருவரும் முன்கூட்டி அறியார் என்பதை ஜனங்கள் கண்ணாரக் காண வேண்டும் என்பதற்குத்தான். இத்தனை பகட்டாகக் காவல் காக்கப்படுகிற பொருளின்மேல் கொஞ்சம் சந்தேகம் கொள்வது புத்திசாலித்தனம் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை போலும். வெற்றி அமோகமாக இருந்தது. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின.

அவ்வாறு இறங்கியவற்றுள் என்.பி.சி.யில் 1956 செப்டம்பரில் தொடங்கிய ‘இருபத்தொன்று’ என்பதே பின்னால் பெரும் அபகீர்த்திக்கு உள்ளாயிற்று. ஜாக் பாரி அதை நடத்தினார். அவரும் டான் என்ரைட் என்பவரும் கூட்டாளிகளாக அதைத் தயாரித்தார்கள். ஜெரிட்டால் என்ற சத்து மருந்தை விற்றவர்கள் பணம் கொடுத்தார்கள். முதல் ஒளிபரப்பு யோக்கியமாகத்தான் நடந்தது. யோக்கியமாக நடந்ததனாலேயே அது படுதோல்வி அடைந்தது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. போட்டியாளர் இருவரும் கேள்விக்குக் கேள்வி தடுமாறி நிற்க, பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்தது. மறுநாள் புரவலர்கள் சீற்றத்தோடு, இப்படி ஒன்று இனி நடக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். அதன் பிறகு என்ரைட் போட்டியாளர்களை அந்தரங்கத்தில் சந்தித்து, விடைகளை மட்டுமன்றி, எந்த இடத்தில் தயங்க வேண்டும், எந்த இடத்தில் உதட்டைக் கடிக்க வேண்டும், நெற்றி வியர்வையைத் துடைக்காமல் எப்படி மெல்ல ஒற்றியெடுக்க வேண்டும் என்பது வரை பயிற்றுவித்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறவருக்கு நிஜமாகவே வியர்க்கட்டும் என்று குளிர்காற்றையும் நிறுத்திவைத்தார்கள்.

1956 டிசம்பர் 5ஆம் தேதி, பல வாரங்களாக வென்றுவந்த ஹெர்பர்ட் ஸ்டெம்பல், முந்தைய வருஷத்தில் சிறந்த திரைப்படத்துக்கான ஆஸ்கார் பரிசை எது பெற்றது என்ற கேள்விக்கு, தமக்கு மிகவும் பிடித்த ‘மார்ட்டி’ என்ற சரியான விடையை விழுங்கிக்கொண்டு, பணிக்கப்பட்டபடியே தவறான விடையைச் சொன்னார். அவருடைய இடத்துக்கு வந்தவர் சார்லஸ் வான் டோரன். கொலம்பியா சர்வகலாசாலையில் ஆங்கிலம் போதித்தவர், கவியும் பேராசிரியருமான மார்க் வான் டோரனின் குமாரர், பார்வைக்கு இனியவர். 1957 மார்ச்சில் தோற்று வெளியேறுவதற்குள் அவர் 1,29,000 டாலர் சம்பாதித்தார். ‘டைம்’ சஞ்சிகையின் அட்டையிலும் இடம்பெற்றார். 1959 நவம்பர் 2ஆம் தேதி பிரதிநிதிகள் சபையின் உபகமிட்டி முன்பாக அவர் உண்மையை ஒப்புக்கொண்டபோது தேசமே திடுக்கிட்டது.

ஸ்டெம்பலையும் வான் டோரனையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1994இல் ஒரு சினிமாவும் எடுத்துவிட்டார். என் கவனம் அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்ற ஜாக் பாரியிடத்தில் செல்கிறது. போட்டியாளருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவரல்லர். அது என்ரைட்டின் வேலை. ஆனால் ஊழலை மூடி மறைத்ததில் தமக்கும் பங்குண்டு என்பதைப் பாரி பின்னாளில் மறுக்கவில்லை. என்ரைட்டின் பாவம் மூடிய அறைக்குள் நடந்தது. பாரியினுடையதோ லட்சோபலட்சம் பேர் பார்த்திருக்க, ஒவ்வொரு கேள்வியையும் முதன்முறையாக வாசிப்பவர்போல வாசித்து, தயங்குகிறவரை நோக்கிக் கவலையோடு முகத்தைச் சுளித்து, சரியான விடைக்கு வியப்படைந்து, வாரந்தோறும் நடந்தது. நாடகத்தில் நடிகன் பொய் சொல்கிறான் என்றால் அது நாடகம் என்பது பார்க்கிறவனுக்குத் தெரியும். இங்கே அது தெரியாது. ஆகவேதான் ஜனங்கள் என்ரைட்டின் பெயரை மறந்தார்கள், பாரியின் முகத்தை மறக்கவில்லை.

விந்தை என்னவென்றால், அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இந்தக் கபடம் ஒரு குற்றமே அன்று. விசாரணையில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதற்காகத்தான் வான் டோரன் முதலியோர்மீது வழக்கு வந்தது. தண்டனையும் நிறுத்தி வைக்கப்பட்டது. 1960இல்தான் தகவல் தொடர்புச் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய போட்டிகளின் முடிவை இரகசியமாக முன்னேற்பாடு செய்கிறவர்களுக்குப் பதினாயிரம் டாலர் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறைவாசமோ இரண்டுமோ விதிக்கலாம் என்று ஏற்படுத்தினார்கள்.

சட்டம் தொடாதவர்களையும் அவமானம் தொட்டது. 1958 ஆகஸ்டில் முதன்முதலாக அம்பலமான ‘டாட்டோ’ என்ற நிகழ்ச்சியை நடத்திய ஜாக் நார்ஸ், தமக்கு ஒன்றும் தெரியாது என்பதைப் பொய் காட்டும் கருவியின் பரீட்சைக்கு உட்பட்டு நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபித்தார், நீண்ட காலம் அதே தொழிலில் இருந்தார், அவருடைய தம்பி டாம் கென்னடி என்ற பெயரில் அதே தொழிலுக்கே வந்தார். பாரியோ ஏறத்தாழ பத்து வருஷங்கள் தேசிய ஒளிபரப்பில் தலைகாட்ட முடியாமல், கலிபோர்னியாவில் ஒரு சிறு வானொலி நிலையத்தை விலைக்கு வாங்கினார். வானொலி நிலையம் நடத்துவதற்குச் சர்க்காருடைய லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ் கிடைத்துவிட்டால் சர்க்காரே தமக்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்ததாகும் என்பது அவருடைய கணக்கு. கணக்குப் பலித்தது. 1969இல் மெல்லத் திரும்பி வந்த அவர், 1972 செப்டம்பர் 4ஆம் தேதி ‘ஜோக்கர்ஸ் வைல்ட்’ என்ற சொந்தப் படைப்போடு சி.பி.எஸ்.ஸில் மறுபிறவி எடுத்தார். கேள்விகளின் பொருளையும் மதிப்பையும் அதில் தீர்மானித்தது சூதாட்ட யந்திரம்போலச் சுழலும் சக்கரங்கள். மனிதரை நம்பாதவர்கள் சக்கரத்தையாவது நம்பட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. 1984இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறக்கும் வரையில் அந்த நிகழ்ச்சியை நடத்தினார்.

பாரி மறுபிறவி எடுத்த அதே நாள், அதே நிறுவனத்தில், பாப் பார்க்கர் ‘விலை சரி’ என்ற பொருள்படும் ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ நிகழ்ச்சியை ஏற்றுக்கொண்டார். 2007 வரை அதை விடவில்லை. அது முன்னொரு காலத்தில், 1956 முதல் 1965 வரை, பில் கல்லன் நடத்திய நிகழ்ச்சி. கல்லன் குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளைவாதத்தால் கால் பாதிக்கப்பட்டவர். அவர் நடந்துவருவதைக் காமிரா காட்டாதபடி, திரை விலகும்போதே மேஜைக்குப் பின்னால் அவர் அமர்ந்திருக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். இது தெரியாத ஹாஸ்ய நடிகர் மெல் புரூக்ஸ், நிகழ்ச்சி முடிந்து கல்லன் நொண்டி வருவதை விகடம் என்று எண்ணித் தாமும் அப்படியே நொண்டி எதிர்கொண்டார் என்றும், இத்தனை வருஷங்களில் தம்மோடு இயல்பாகப் பழகியவர் நீர் ஒருவரே என்ற முறையில் கல்லன் மனம்விட்டுச் சிரித்தார் என்றும் ஒரு கதை உண்டு. ஊழல் புயல் அடித்த வருஷங்களில் கல்லன்மேல் ஒரு தூசியும் படவில்லை. பொருள்களின் விலையை ஊகிக்கும் போட்டியில் விடை கடைவீதியில் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது அல்லவா? புதிய உருவில் அரங்கெங்கும் நடந்து திரிய வேண்டியிருந்ததால் அந்த நாற்காலி பார்க்கருக்குப் போயிற்று. பார்க்கர் அதை எத்தனை கெட்டியாகப் பற்றியிருந்தார் என்றால், மாடல் மங்கையர் சிலர் தொடுத்த வழக்குகளாலும் அது அசையவில்லை. வளர்ப்புப் பிராணிகளுக்குக் கருத்தடை செய்யுங்கள் என்று நாள்தோறும் நிகழ்ச்சியின் முடிவில் சொல்லிவந்த இவர், 2023இல் தமது தொண்ணூற்றொன்பதாம் வயதில் காலமானார்.

விடையறிந்தவருடைய பிரதாபத்தைச் சாஸ்திர ரீதியாகவே நிலைநாட்டியவர் மான்ட்டி ஹால். கனடாவின் வின்னிபெக் நகரத்தில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, வைத்தியம் படிக்க ஆசைப்பட்டு அது கைகூடாமல் ஒலிபரப்புக்கு வந்தவர். 1963 டிசம்பர் கடைசியில் அவர் தொடங்கிய ‘லெட்ஸ் மேக் எ டீல்’ நிகழ்ச்சியில் பாண்டித்தியத்துக்கு வேலையே இல்லை. விசித்திர வேஷங்களோடு வந்திருப்பவர்களிடம், கையிலிருக்கிற பரிசை வைத்துக்கொள்கிறீர்களா, அதோ அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பதற்கு மாற்றிக்கொள்கிறீர்களா என்று பேரம் பேசுவதுதான் முழு விளையாட்டும். 1975இல் ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியல் அறிஞர் இதிலிருந்து ஒரு கணக்கை உருவாக்கினார்; 1990இல் மர்லின் வாஸ் சவந்த் என்ற பத்திரிகை எழுத்தாளர் அதற்கு விடை எழுதப் போக, ஏறக்குறைய பதினாயிரம் கடிதங்கள் வந்து குவிந்தன; அவற்றுள் டாக்டர் பட்டம் பெற்ற கணித வல்லுநர்கள் பலர் அவரைக் கடிந்து எழுதியவையும் அடக்கம். கடிந்தவர்களே தவறு செய்தவர்கள்.

கணக்கு இது. மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் மோட்டார் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீங்கள் ஒரு கதவைச் சுட்டுகிறீர்கள். கார் எங்கே என்பதை அறிந்த நிகழ்ச்சி நடத்துநர், மிச்சமுள்ள இரண்டில் ஆடு நிற்கிற ஒரு கதவைத் திறந்து காட்டி, உங்கள் தேர்வை மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். மாற்றுவது நல்லதா? இரண்டு கதவுகள்தாம் மீதி, ஆகவே பாதிக்குப் பாதி என்றுதான் மனம் சொல்லும். ஆனால் உங்கள் முதல் தேர்வு சரியாக இருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புத்தான்; தவறாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு; தவறாக இருக்கிற ஒவ்வொரு தடவையும் நடத்துநர் காரை விட்டுவிட்டு ஆட்டைத்தான் திறக்க முடியுமாதலால், எஞ்சிய கதவில் கார் நிச்சயம். எனவே மாற்றுகிறவர் மூன்றில் இரண்டு தடவை வெல்வார். இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒரு சிறு நிபந்தனையை. நடத்துநர் கார் இருக்குமிடத்தை அறியாதவராய், கண்மூடித்தனமாக ஒரு கதவைத் திறந்து, அங்கே தற்செயலாக ஆடு நின்றிருந்தால், வாய்ப்பு உண்மையிலேயே பாதிக்குப் பாதி ஆகிவிடும். கண்ணுக்குத் தெரிகிற காட்சி இரண்டிலும் ஒன்றே: அதே கதவுகள், அதே ஆடு. வேறுபாடு முழுவதும் அந்த மனிதருடைய தலைக்குள் இருக்கிறது.

ஹால் இதற்கும் ஒரு படி மேலே போனார். 1991இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபரோடு பெவர்லி ஹில்ஸிலுள்ள தமது வீட்டில் இந்த விளையாட்டை ஆடிக்காட்டியபோது, ஆட்டுக் கதவைத் திறந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் தமக்கு இல்லையே என்று எடுத்துக்காட்டினார். போட்டியாளர் தவறான கதவைச் சுட்டினால் உடனே அதைத் திறந்து அனுப்பிவிடலாம். சரியான கதவைச் சுட்டினால் மட்டும் மாற்றிக்கொள்ளும்படி ஆசை காட்டலாம். அப்போது மாற்றுகிறவர் ஒவ்வொரு தடவையும் தோற்பார். கணித வல்லுநர்கள் கதவுகளை ஆராய்ந்துகொண்டிருக்க, கதவைத் திறக்கிறவருடைய சித்தத்தை ஆராயுங்கள் என்றார் அந்தப் பழைய பேரக்காரர். ஜாக் பாரியைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றையும்விட இது அவருடைய குற்றத்தின் இயல்பை எனக்கு நன்றாக விளக்குகிறது.

ஊழலுக்குப் பின்பு தோன்றிய நிகழ்ச்சிகளுள் ‘ஜெபர்டி’ அந்த ஊழலிலிருந்தே கருக்கொண்டது. விடையைப் போட்டியாளருக்குக் கொடுத்ததுதானே குற்றமாயிற்று, அப்படியானால் விடையைப் பகிரங்கமாகவே கொடுத்துவிட்டுக் கேள்வியை அவரிடமிருந்து வாங்கினால் என்ன என்ற யோசனை, ஓர் ஆகாய விமானப் பயணத்தில் மெர்வ் கிரிஃபினுக்கு அவர் மனைவி ஜூலன் சொன்னது. 1964 முதல் 1975 வரை ஆர்ட் ஃபிளெமிங் அதை நடத்தினார். 1984 செப்டம்பரில் அது புத்துயிர் பெற்றபோது அலெக்ஸ் டிரெபெக் வந்தார். கனடாவின் சட்பரி நகரத்தில் உக்ரேனியத் தந்தைக்கும் பிரெஞ்சுக் கனடியத் தாய்க்கும் பிறந்து, ஆட்டவா சர்வகலாசாலையில் தத்துவம் பயின்று, கனடிய ஒலிபரப்பில் செய்தி வாசித்துப் பழகியவர்.

அவருடைய நாளின் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. ஒரே நாளில் ஐந்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வார்கள். இவ்விதம் வருஷத்துக்கு நாற்பத்தாறு நாட்களில் 230 நிகழ்ச்சிகள். பதிவு நாளன்று காலையில் அன்றைய கேள்விகள் அனைத்தையும் அவர் படித்து, அந்நியப் பெயர்களின் உச்சரிப்பைக் குறித்துக்கொண்டு, ஐயமுள்ளவற்றை எழுத்தாளர்களோடு விவாதிப்பார். போட்டியாளர்களையோ, மேடைக்கு வரும் வரையில் அவர் சந்தித்ததே இல்லை. 1960ஆம் வருஷத்துச் சட்டம் இந்த ஒழுங்கில் உயிரோடு உலவுகிறது: விடை தெரிந்தவரும் அதை நாடுபவரும் ஒரே கூரையின் கீழ் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் காத்திருக்கிறார்கள். காலையில் படித்த விடையை மாலையில் நெடுநாள் அறிந்தவர்போலச் சொல்வதனால் டிரெபெக் மகா பண்டிதர் என்ற கீர்த்தி பரவியது. அது முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. 2019 மார்ச்சில் தமக்குக் கணையப் புற்றுநோய் என்று தாமே அறிவித்து, 2020 அக்டோபர் 29 வரை வேலை செய்து, பத்தே நாளில் இறந்தார். அவருக்கு வாரிசாக, நிகழ்ச்சியின் நிர்வாகத் தயாரிப்பாளரான மைக் ரிச்சர்ட்ஸ் 2021இல் தெரிந்தெடுக்கப்பட்டார். அவருடைய பழைய பேச்சுகள் சில வெளிப்பட்டு எழுந்த கண்டனத்தால் சில நாட்களிலேயே விலக நேர்ந்தது. கடைசியில் நிலைத்தவர் கென் ஜென்னிங்ஸ்: 2004இல் தொடர்ந்து 74 ஆட்டங்களை வென்ற போட்டியாளர். அட்டையைப் பாராமலே விடை சொல்லக்கூடியவர் என்று ஊரறிந்த ஒருவரிடம் அட்டையை ஒப்படைத்ததில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை.

இதற்குள் இங்கிலாந்தில் வேறொரு மாறுதல் நிகழ்ந்திருந்தது. 1998இல் கிறிஸ் டாரன்ட் நடத்தத் தொடங்கிய கோடீஸ்வரர் போட்டியில், போட்டியாளர் தம் முடிவை உறுதி செய்து கணினியில் பூட்டும் வரையில் நடத்துகிறவருக்கும் விடை காட்டப்படுவதில்லை. அவரும் நம்மைப்போலவே ஊகத்தில் தவிப்பவர் ஆனார். அங்கே 2001இல் ஒரு ராணுவ மேஜர், அரங்கிலிருந்த கூட்டாளியின் இருமலைச் சமிக்ஞையாகக் கொண்டு பத்து லட்சம் பவுனை வென்று, 2003இல் நீதிமன்றத்தில் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். எதிரே அமர்ந்திருந்த டாரன்ட், தமக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை என்று சாட்சி சொன்னார். பாரி அறிந்தும் அறியாதவர்போல் நடித்ததால் கெட்டார். டாரன்டோ ஒன்றும் அறியாதிருந்ததால் ஒரு குறையும் அடையவில்லை.

விடை தெரிய வேண்டிய அவசியமே நீங்கிவிட்டபோது அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது? இந்தியாவில் இதற்குக் கிடைத்த பதில் சினிமா நட்சத்திரம். அதே கோடீஸ்வரர் போட்டியின் இந்திய வடிவமாக 2000 ஜூலை 3 அன்று தொடங்கிய ‘கௌன் பனேகா குரோர்பதி’யைத் தயாரித்த சித்தார்த்த பாசு, 1985 வாக்கில் தூர்தர்ஷனில் ‘குவிஸ் டைம்’ நடத்திய கைதேர்ந்த வினாடி வினா ஆசான். அவரே நாற்காலியை அமிதாப் பச்சனுக்கு விட்டுக்கொடுத்துத் திரைக்குப் பின்னால் போனார் என்பதைவிட இந்த மாறுதலுக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். அன்று பச்சன் தம் கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி, படங்களும் ஓடாமல் தவித்த காலம். நிகழ்ச்சி அவரைக் கரையேற்றியது. அமெரிக்காவில் நிகழ்ச்சி மனிதருக்கு மதிப்பை உண்டாக்க முப்பது வருஷம் பிடித்தது; இங்கே மனிதர் தாம் ஏற்கனவே சேர்த்த மதிப்பைக் கொண்டுவந்து முதல் நாளே கொட்டுகிறார். தமிழிலும் அவ்வாறே: சன் தொலைக்காட்சியில் சரத்குமார், விஜய் தொலைக்காட்சியில் 2012இல் சூர்யா, பின்னர் பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி, 2019இல் பெண்களுக்கென்றே நடந்த ‘கோடீஸ்வரி’யில் ராதிகா. கணவன் மனைவியான சரத்குமாரும் ராதிகாவும் வெவ்வேறு காலத்தில் ஒரே நாற்காலியில் அமர்ந்தார்கள் என்பது ஒரு சுவையான விஷயமேயன்றி, இவர்களில் எவருக்கும் இது ஜீவனோபாயமாகிய தொழிலன்று. விருந்தாளிகளாக வந்து போனார்கள்.

அமெரிக்கரைப்போல இதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர் தமிழில் யார் என்று கேட்டால், நான் பி. எச். அப்துல் ஹமீதைச் சொல்வேன். இலங்கை வானொலியில் அறிவிப்பாளராக விளங்கி, அங்கே வளர்த்த ‘பாட்டுக்குப் பாட்டு’ என்ற போட்டியைத் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்தவர். கொடுக்கப்பட்ட எழுத்தில் தொடங்குகிற ஒரு திரைப்பாட்டைப் போட்டியாளர் பாட வேண்டும். இதற்கு முன்கூட்டி எழுதிவைத்த விடை என்று ஒன்று இருக்க வழியில்லை; பாடுகிறவர் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் எதை எடுப்பார் என்பதை எந்தப் பாங்கியின் இரும்பறையும் அறியாது. அவர் எடுத்த அடி மெய்தானா, சொல் பிசகாமல் வந்ததா, எந்தப் படம், யார் எழுதியது, யார் இசையமைத்தது என்பதை அந்தக் கணத்தில் தம் நினைவிலிருந்தே எடுத்துச் சொல்ல வேண்டியவர் நடத்துகிறவர்தான். அட்டையும் கணினியும் இல்லாத இந்த ஒரு போட்டியில், விடையை அறிந்தவராகத் தோன்றுவதற்கு விடையை அறிந்திருப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை. அந்த வேலையை ஹமீது பல்லாண்டுகள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மேடைகளிலும் செய்தார்.